பாண்டியம்மா கையோட நிறம்

ரெண்டேகால் ஆயிருச்சு. நாலு மணிக்கு வர்றேன்னு சொல்லியிருக்கா வினோதினி. அதுக்குள்ள அவ அம்மா பாண்டியம்மா மூஞ்சியை நான் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்தாகணும். இந்த ஸ்க்ரீன் முன்னாடி இருபத்தோரு வருசமா உக்காந்திருக்கேன், திண்டுக்கல்லுல பாதிக் கல்யாண ஆல்பம் இந்தக் கை வழியாப் போனதுதான், ஒரு நாளும் ஒருத்தரும் வந்து எங்க ஆளைக் கறுப்பாக்கிக் குடுங்கன்னு கேட்டதில்ல. தூக்கி விடுங்க, இன்னும் கொஞ்சம் தூக்குங்க, பொண்ணு மூஞ்சி பளிச்சுன்னு இருக்கணும், மாப்பிள்ளை அம்மா டல்லாத் தெரியுறாங்க அவங்களையும் சேத்துத் தூக்குங்க. தூக்கித் தூக்கி என் தோள்பட்டை போனதுதான் மிச்சம். கடையில யாரும் இல்ல. கருணாகரன் சார் சாப்பிடப் போயிட்டாரு, போனா ஒரு தூக்கம் போட்டுட்டு நாலரைக்குத்தான் வருவாரு. ஷட்டரைப் பாதி இறக்கி விட்டிருக்கேன், ரோட்டு வெயில் ஸ்க்ரீன்ல விழுந்தா நிறம் தெரியாது. விழாட்டி மட்டும் தெரிஞ்சு கிழிக்குதாக்கும். கண்ணாஸ்பத்திரியில போன மாசம் என்ன சொன்னாங்க, லூர்து மேரி, ரெண்டு கண்ணுலயும் புரை ஆரம்பிச்சிருக்கும்மா, எல்லாமே லேசா மஞ்சளாத் தெரியும், ஆனா மஞ்சளாத் தெரியுறது உங்களுக்கே தெரியாதுன்னாங்க. எனக்கே தெரியாதுன்னா பெறகு வேற யாருக்குத் தெரியுமாம். சாருகிட்ட இன்னும் சொல்லலை. நிறம் பாக்குறவளுக்குக் கண்ணு மஞ்சள்னா வேலைக்கு வச்சிருப்பாரா மனுசன். அது கெடக்கட்டும், இப்ப பாண்டியம்மாவைப் பாரு லூர்து, பாண்டியம்மாவைப் பாரு.

பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் காலையில இருந்து. மகளுக்கு வலது பக்கத்துல, கையில தாம்பாளத்தோட நிக்கிது அந்தம்மா. வினோதினி கல்யாணம் போன ஆவணியில. அந்தம்மா பங்குனியில போயிருச்சு, சத்துணவுக்கூடத்துல முட்டை உரிச்சுக்கிட்டு இருக்கும்போதே சாஞ்சிருச்சாம், ஐம்பத்தி நாலு வயசு. முப்பதாம் நாள் காரியத்துக்கு நம்ம ஆல்பத்துல இருந்துதான் படம் எடுத்துப் பெருசு பண்ணி மாலை போட்டிருக்காங்க. இன்னைக்குக் காலையில கடை திறந்ததும் திறக்காததுமா இந்தப் பொண்ணு வந்து நிக்கிது, கையில அந்தப் படம், மாலைக் காம்பு கூட ஃப்ரேம்ல ஒட்டிக்கிட்டு இருக்கு. சண்டை போடுவான்னு நெனச்சேன். சண்டை போட்டிருந்தா நானும் நாலு வார்த்தை பேசி அனுப்பியிருப்பேன், எனக்கென்ன வாயா இல்ல. அவ மெதுவா, அக்கா, இது எங்கம்மா இல்லக்கான்னா. ஏம்மா, உங்கம்மாதான, பேரு கூடக் கீழ போட்டிருக்குன்னேன். பேரு சரிக்கா, எங்கம்மா கறுப்புக்கா, நல்ல கறுப்பு, சேலையும் இந்தக் கலர் இல்ல, அரக்கு, இது என்னமோ செங்கல்பொடி மாதிரி இருக்கு. எங்கக்கா மக, நாலு வயசு, காரியத்தன்னிக்கு எல்லார் முன்னாடியும் இது யாரு, எங்க ஆச்சி எங்கன்னு கேட்டுருச்சு. எனக்கு இந்தப் படத்துக்கு முன்னாடி உக்காந்தா அழுகையே வரலைக்கா. யாரோ ஒரு பொம்பளை முன்னாடி உக்காந்திருக்க மாதிரி இருக்கு. அழுகை வர்ற மாதிரி ஒரு படம் குடுங்கக்கா. சேசுவே, இப்படி ஒரு ஆர்டர் நான் எடுத்ததே இல்ல.

வேற போட்டோ இல்லையான்னு கேட்டேன். அம்மா போட்டோன்னாலே ஓடிரும்கா, ஃபோன்ல எடுத்தது ரெண்டு மூணு இருக்குன்னு காட்டுனா. அந்த ஃபோனும் நம்ம கடை மாதிரிதான், எடுக்கும்போதே தானா மாவு பூசிருது. ஆதார்ல இருக்கு, ஆதார்ல யாருதான் யாரு மாதிரி இருக்காங்க. சரி, ஒரிஜினல் எடுத்துப் போட்டுக் குடுப்போம்னு டிஸ்கைத் தேடுனா, ஒரிஜினல் எங்க இருக்கு. ஆல்பம் டெலிவரி ஆகி ஆறு மாசம் ஆச்சுன்னா அழிச்சுருவோம், அதுதான் இந்தக் கடை வழக்கம், அழிச்சதும் நான்தான், மாசி மாசம், ஒரு சனிக்கிழமை, தேங்காய் பர்ஃபி தின்னுக்கிட்டே அழிச்சேன், அது கூட ஞாபகம் இருக்கு. போட்டோ எடுத்த ஜெரால்டுக்கு ஃபோன் அடிச்சா அவனும் கார்டைத் துடைச்சுட்டானாம். மிச்சம் இருக்குறது நான் வேலை பாத்து, மேலயே சேவ் பண்ணி, பிரிண்டுக்கு அனுப்புன ஃபைல் மட்டும். எடுத்த படத்து மேலயே சேவ் பண்ணுறது எவ்வளவு தப்புன்னு கிளாஸ்ல எல்லாம் சொல்லுவாங்களாம். நமக்கு எங்க கிளாஸ், ஒரு நாளைக்கு நாப்பது பக்கம் முடிக்கணும், காப்பி எடுத்து வைக்க நேரம் ஏது. கீபோர்டுல எஃப் நாலு. அந்தக் கட்டையில நான் ஒரு வேலையைப் பூட்டி வச்சிருக்கேன். மூஞ்சியைச் சுத்தி ஒரு வட்டம் போட்டு எஃப் நாலைத் தட்டுனா மூஞ்சி வெளுத்துரும், சுருக்கம் போயிரும், அடுத்த மூஞ்சி. அந்தக் கட்டையில எழுத்தே தேஞ்சு போச்சு. பாண்டியம்மா மூஞ்சியிலயும் தட்டியிருக்கேன். எப்பத் தட்டுனேன்னு நெனச்சுப் பாக்குறேன், வரலை. அந்த மூஞ்சியை நான் பாத்ததே இல்லையே, தட்டுனது மட்டும்தான, ஆயிரம் மூஞ்சி தட்டுறவளுக்கு எந்த மூஞ்சி ஞாபகம் இருக்கும்.

காலையில என்ன பண்ணேன், முட்டாள்தனமா வெளிச்சத்தைப் பூராவும் ஒரே அளவு இறக்குனேன். ஒவ்வொரு புள்ளியோட வெளிச்ச நம்பர்லயும் நாப்பது கழி. கண்ணு, புருவம், மூக்கு ஓட்டை எல்லாம் ஒரே கரியாப் போச்சு, கன்னம் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி. செத்த மூஞ்சியை இன்னொரு தடவை சாகடிச்ச மாதிரி இருந்துச்சு, பட்டுன்னு அழிச்சேன். ஏன் அப்படி ஆச்சுன்னு யோசிச்சாத்தான் அந்த என்ஜினியர் ஞாபகம் வர்றாரு, பிரிண்டிங் மெஷின் மாட்ட வந்த சேலத்துக்காரர். காமா காமான்னு ரெண்டு மணி நேரம் பேசுனாரு, நான் கொட்டாவி விட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன், சார் முறைச்சாரு. சுழியில இருந்து இருநூத்தி அம்பத்தஞ்சு வரைக்கும் நம்பர் இருக்கும்மா, நடுவுல நூத்தி இருபத்தெட்டு, அதுல எவ்வளவு வெளிச்சம் இருக்கும்னு கேட்டாரு. பாதின்னேன். பாதி இல்லம்மா, அஞ்சுல ஒரு பங்குன்னாரு. ஆளைப் பாத்தா நல்லவரா இருக்காரு, கணக்கு மட்டும் வரலை போலன்னு நெனச்சுக்கிட்டேன். இப்பப் புரியுது. கரண்டு போன வீட்டுல ஒரு மெழுகுவத்தியைப் பொருத்துனா வீடே தெரியும். ஏற்கெனவே பத்து மெழுகுவத்தி எரியுற இடத்துல பதினொண்ணாவதைப் பொருத்துனா எவனுக்குத் தெரியும். கண்ணு இருட்டுலதான் கூர்மையாப் பாக்குது. அதனால ஃபைலும் இருட்டுக்கு நெறைய நம்பரை ஒதுக்கி, கம்மி வெளிச்சத்தைக் கீழ் மூலையில நெருக்கிப் போடாம வளைச்சு மேல ஏத்தி எழுதி வைக்கிது, ஸ்க்ரீன் அதைத் திரும்ப எதிர்ப்பக்கமா வளைச்சுக் காட்டுது. நேர்கோடே கெடையாது, அந்த வளைவுதான் அவரு சொன்ன காமா. வளைவைக் கொண்டு ஏத்துனதை வளைவைக் கொண்டுதான் இறக்கணும், கழிச்சா இறங்காது. அம்புட்டு நம்பரும் கறுத்த மனுசங்களுக்குன்னே ஒதுக்கி வச்ச மாதிரி அந்தக் கீழ்ப்பக்கம் கெடக்கு, நான் இருபத்தோரு வருசமா எல்லாரையும் அங்க இருந்து கெளப்பி விட்டுக்கிட்டு இருந்திருக்கேன். மணி மூணாகப் போகுது, தண்ணி குடிக்கணும், எந்திரிக்கச் சோம்பலா இருக்கு.

சேலையை மொதல்ல சரி பண்ணிட்டேன், அதுவரைக்கும் நிம்மதி. அது என் எஃப் நாலு பண்ண வேலை இல்ல. ஜெரால்டு புதுக் கேமரா வாங்குன ஜோருல பெரிய கலர் ஸ்பேஸுல, நெறைய நிறம் கொள்ளுற அளவையில, வச்சு எடுத்திருக்கான். அதுவும் அந்த என்ஜினியர் சொன்னதுதான், நம்பர் மட்டும் இருந்தாப் போதாது, எந்த அளவையில அளந்த நம்பர்னு லேபிள் வேணும்னாரு. அரிசி ரெண்டு படின்னா பெரிய படியா சின்னப் படியா. ஜெரால்டு பெரிய படியில அளந்து அனுப்பிட்டான், நம்ம ஆல்பம் சாஃப்ட்வேர் லேபிளைக் கிழிச்சு எறிஞ்சுட்டு அதே ரெண்டைச் சின்னப் படின்னு நெனச்சு அளந்திருக்கு. நெறம் பூரா கொறைஞ்சு போச்சு, அரக்கு செங்கல்பொடி ஆயிருச்சு. நம்பர் அழியலை, லேபிள்தான் போயிருக்கு. திரும்ப அந்த லேபிளை ஒட்டுனதும் சேலை ஒரு மூச்சு விட்டுச்சு பாரு, யாத்தே, ஜரிகைக்குப் பக்கத்துல அப்படியே அரக்கு. அந்தம்மா கட்டி நின்ன சேலை. நான் அங்கதான் கையைப் பாத்தேன். தாம்பாளத்தைப் பிடிச்சிருக்குற கை. வெத்தலை, மஞ்சள், தாம்பாளத்தோட விளிம்பு, அதுல அழுந்திப் பிடிச்ச நாலு விரல், கட்டை விரல்ல ஒரு சூட்டுத்தழும்பு, முழங்கை வரைக்கும் நல்ல பளபளன்னு கறுப்பு. நான் கையைத் தொடலை. கையை நாங்க யாரும் தொடுறதே இல்ல, மூஞ்சிக்கு மட்டும்தான் வட்டம், கைக்கு எவன் மெனக்கெடுவான். மூஞ்சி ஒரு ஊரு, கை ஒரு ஊருன்னு திண்டுக்கல் ஆல்பம் பூரா அப்படித்தான் இருக்கும், யாரும் கேட்டதில்ல.

ஒருத்தர் கேட்டாங்க. எங்க வீட்டுக்காரரோட பெரியம்மா. எங்க கல்யாண ஆல்பம் வந்தன்னிக்குப் பொரட்டிப் பாத்துட்டு, ஏம்ப்பா சவரிமுத்து, உம் பொண்டாட்டிக்கு பவுடர் கை வரைக்கும் பத்தலையாப்பான்னு கேட்டுச்சு, வீடே சிரிச்சுச்சு, நானும் சிரிச்சேன். கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புன என் போட்டோவும் அப்படித்தான். பொண்ணு பாக்க வந்தவங்க போட்டோவைப் பையில இருந்து எடுத்து என்னை ஒரு தடவை, அதை ஒரு தடவை பாத்தாங்க. நான் காபி டம்ளரை வச்சுட்டு என் கையை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டேன். அவரு தங்கமான மனுசன், டெப்போவுல பஸ்ஸுக்கு அடியில படுத்து எந்திரிக்கிறவருக்குக் கறுப்பு என்ன வெளுப்பு என்ன. ஆனா அந்தப் பார்வை, பையில இருந்து எடுத்து, மேல ஒண்ணு கீழ ஒண்ணு, அது போகலை. போகாம நான் என்ன பண்ணேன், அதே வேலைக்கு வந்து உக்காந்து அடுத்தவங்க மூஞ்சியில எல்லாம் அதையே பண்ணேன். நல்லதுதான பண்றோம்னு நெனச்சேன். ஒரு பொண்ணாவது அந்தப் பார்வையில இருந்து தப்பிக்கட்டும்னு நெனச்சேனா, இல்ல எனக்கு நடந்தது எல்லாருக்கும் நடக்கட்டும்னு நெனச்சேனா, மாதாவுக்குத்தான் வெளிச்சம். இன்னொரு பயமும் இருக்கு, இதை யாருகிட்டயும் சொன்னதில்ல. நான் போயிட்டா என் மக எந்தப் படத்தை எடுத்துப் பெருசு பண்ணுவா. அதே கல்யாணப் படந்தான். கோயில் வாசல்ல என் சவப்பெட்டிக்கு முன்னாடி ஒரு வெள்ளைக்காரி சிரிச்சுக்கிட்டு நிப்பா. வர்றவங்க அவளுக்கு அழுதுட்டுப் போவாங்க.

சரி, காமா. எஃப் நாலுல ஏத்தும்போது காமா நம்பர் ஒண்ணு புள்ளி நாலு. மொதல்ல ஒண்ணேகால்தான் வச்சிருந்தேன், சார்தான் லூர்தம்மா பார்ட்டி இன்னும் பிரைட்டாக் கேக்குறாங்க ஏத்திரும்மான்னாரு, அப்ப ஒண்ணு புள்ளி நாலு ஆக்குனேன். ஆவணிக்கு முன்னாடியா பின்னாடியா? முன்னாடிதான், சித்திரை சீசன்ல. முன்னாடிதானே? நாலு பங்கு ஏத்துனா நாலு பங்கு இறக்கு, ஒண்ணுல இருந்து புள்ளி நாலு போனா புள்ளி ஆறு. போட்டேன். அடி ஆத்தி, மூஞ்சி கையை விட இருண்டு போச்சு. அப்ப கை பொய்யா? கை எப்படிப் பொய்யாகும், கையை யாரும் தொடலையே. மூணே கால். கழுத்து வேர்க்குது. திரும்பவும் கழிச்சுக்கிட்டு இருக்கேடி கூறுகெட்டவளே, இது கழித்தல் இல்லைன்னு இப்பத்தான சொல்லிக்கிட்டே. ஒண்ணை ஒண்ணு புள்ளி நாலால வகுக்கணும். ஃபோன்ல கணக்குப் போட்டேன், புள்ளி ஏழு ஒண்ணு. அதைப் போட்டதும் மூஞ்சி மெதுவா இறங்கி வந்துச்சு. இறங்கி வந்து கைக்குப் பக்கத்துல நின்னுச்சு. நான் ஸ்க்ரீனை விட்டுத் தள்ளி உக்காந்தேன். ஒரே ஆளு. இந்த மூஞ்சிக்கு இந்தக் கை. எட்டு மாசத்துக்கு அப்புறம் இப்பத்தான் அந்தம்மாவை மொதத் தடவையாப் பாக்குறேன். இன்னும் பாத்துக்கிட்டே இருக்கேன், எனக்கு அவங்க யாரு, ஒரு சொந்தமும் இல்ல.

ஆனா முழுசா வரலை. நெத்தியில, வெளிச்சம் விழுந்த எடத்துல, திட்டுத் திட்டா இருக்கு. ஏத்தும்போது மேல இருந்த நம்பர் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போச்சு, ஒட்டுனதைப் பிரிக்க முடியாது. தலைமுடி ஓரத்துல நான் போட்ட வட்டத்தோட விளிம்பு ஒரு கோடா விழுது, அதை சாஃப்ட்வேர் தூரிகையை வச்சுக் கலைச்சுட்டேன். சுருக்கத்தைத்தான் ஒண்ணும் பண்ண முடியலை. வளைச்ச வெளிச்சத்தை நிமித்திரலாம், தேய்ச்சு எடுத்த கோடு எங்க இருந்து வரும். கண்ணு ஓரத்துல எத்தனை கோடு இருந்துச்சு, நெத்தியில இருந்துச்சா, எனக்கு என்ன தெரியும். நானா வரைஞ்சா அது என் கோடு, அந்தம்மா கோடு இல்ல. அதுக்கு மேல என் கண்ணு வேற, மஞ்சக் கண்ணு, எனக்குக் கையும் மூஞ்சியும் ஒண்ணாத் தெரியுது, உண்மையிலயே ஒண்ணா? அரக்கு அரக்குதானா? அந்தப் பொண்ணு வந்து இதுவும் எங்கம்மா இல்லைன்னுட்டா என்ன பண்ணுவேன். இன்னொரு தடவை அவ அம்மாவைத் தொலைச்சுக் குடுத்த மாதிரி ஆயிரும். எதுக்கு ஒத்துக்கிட்டேன், முடியாதும்மான்னு சொல்லி அனுப்பியிருக்கலாம். இப்ப வீட்டுக்குப் போய் ஒரு பாயை விரிச்சுப் படுத்தாத் தேவலை.

ஷட்டர் சத்தம். குனிஞ்சு உள்ள வர்றா. மணி மூணு அம்பது, சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டா. கையில ஒரு துணிப்பை, அதுல இருந்து சேலையை எடுத்துக் கீபோர்டு பக்கத்துல வச்சா, அம்மா சேலைக்கா, கலர் பாக்க எடுத்துட்டு வந்தேன். நான் படிப்படியா எடுத்துச் சொல்லணும்னு நெனச்சு வச்சிருந்தது எல்லாம் மறந்து போச்சு. பாரும்மான்னு சேரைத் திருப்பி விட்டேன். அவ பாத்தா. அக்கா, கொஞ்சம் அதிகமா இருட்டுதுக்கா, ஒரு துளி தூக்குங்க. புள்ளி ஏழு ரெண்டு. இன்னும் துளி. புள்ளி ஏழு நாலு. ஆங், நிறுத்துங்கக்கா. அப்படின்னா என் கண்ணு கொஞ்சம் தப்பிருச்சு, ரொம்ப இல்ல. அவ ஸ்க்ரீன்கிட்டப் போய் அம்மா கண்ணு ஓரத்தைத் தொட்டா, இங்க மூணு கோடு இருக்கும்கா, சிரிச்சா அஞ்சாகும்னா. அது நான் அழிச்சுட்டேம்மா, அது வராது, என்னை மன்னிச்சுக்கம்மான்னேன். இருபத்தோரு வருசத்துல ஒரு பார்ட்டிகிட்டயும் நான் மன்னிப்புக் கேட்டதில்ல. அவ தலையை ஆட்டுனா. பெறகு சேலையை எடுத்து மடியில வச்சுக்கிட்டு, வாயைப் பொத்திக்கிட்டு அழுதா, தோளு குலுங்கக் குலுங்க, யம்மா, யம்மான்னு, சின்னப் புள்ளை மாதிரி. நான் அவ முதுகுல கை வச்சுக்கிட்டு நின்னேன். அழட்டும், இதுக்குத்தான வந்தா.

ரொம்ப நேரம் கழிச்சு மூக்கைத் துடைச்சுட்டு நிமிந்தா. திரும்பவும் ஸ்க்ரீனைப் பாத்தா. அக்கா, பக்கத்துல நிக்கிறது யாருக்கான்னு கேட்டா. நான் அவ எதைக் கேக்குறான்னு தெரியாம, நீதாம்மா, நீதான் கல்யாணப் பொண்ணுன்னேன். நானான்னா. அம்மாவுக்கு இடது பக்கத்துல, மாலையும் கழுத்துமா, மாவுல செஞ்ச மாதிரி வெளுத்துப் போய் ஒரு மூஞ்சி நிக்கிது. அதுலயும் ஒரு எஃப் நாலு. ஒண்ணு இல்ல, கல்யாணப் பொண்ணாச்சே, ரெண்டு தடவை தட்டியிருப்பேன். எங்கம்மாவுக்கு இப்படி ஒரு மக இல்லக்கா, அம்மா பக்கத்துல என்னைய நிறுத்துங்கன்னா. சொல்லிட்டு ஸ்க்ரீன் பக்கத்துல அவ கையை நீட்டி வச்சா. பாண்டியம்மா கையும் அவ கையும் ஒரே நிறம், வெரல் கூட அதே நீளம், கட்டை விரல்ல சூட்டுத்தழும்பு மட்டும்தான் இல்ல. ஆல்பம் பூராவுமான்னு கேட்டேன், அறுவது பக்கம் இருக்கேம்மா. பூராவும்கான்னா. நான் கண்ணாடியைக் கழட்டி முந்தானையில துடைச்சு மாட்டிக்கிட்டு, மொதப் பக்கத்தைத் தெறந்தேன், கையை எடுத்துராதம்மா அப்படியே வச்சிரு, எனக்குக் கண்ணு கொஞ்சம் மஞ்சள், உன் கையைப் பாத்துத்தான் நான் போடணும்னேன். வீட்டுல பீரோ மேல கெடக்குற என் ஆல்பம் ஞாபகத்துக்கு வந்துச்சு. அதுலயும் கையை யாரும் தொடலை.